இலக்கியம் கண்ட பிறகே இலக்கணம்: நிரலாக்க நூல்களைப் படிக்கும் வரிசை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், நிரலாக்கம் கற்போருக்கான வழிகாட்டுக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். தன் தரவையும் செயலையும் தானே வைத்திருக்கும் கூறுகளாக நிரலைப் பிரித்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தையும், அடிக்கடி எழும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான தீர்வு மாதிரிகளாகிய, டிசைன் பேட்டர்ன் என்று அனைவரும் சொல்லும் வடிவமைப்புப் பாங்குகளையும் கற்பதற்குத் தடித்த நூல்கள் இனித் தேவையில்லை, குறுங்காணொளிகளும் சுருக்கக் குறிப்புகளுமே போதும் என்பது அதன் சாரம். மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு, புதிதாகப் பணிக்கு வருவோருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில், அந்தக் கருத்தை ஏற்க இயலாமல் இம்மடலை எழுதுகிறேன். நூல்களைப் படித்தும் பலர் பயனடையவில்லை என்று கட்டுரை சொல்வது உண்மைதான். ஆனால் நான் கண்டவரை, அதற்குக் காரணம் அவர்கள் அந்நூல்களைப் படித்த வரிசையில் இருந்தது.

இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் இயம்புவது என்பது நம் மொழியில் பழகிய வழக்கு. வடிவமைப்புப் பாங்குகளின் வரலாறும் அப்படிப்பட்டதே. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நூலில் 23 பாங்குகள் உள்ளன. அவற்றில் எதையும் தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. ஏற்கெனவே பலர் எழுதி, ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களில் திரும்பத் திரும்பக் கண்ட தீர்வுகளுக்குப் பெயர் சூட்டித் தொகுத்தார்கள். ஒவ்வொரு பாங்கின் கீழும், அது உண்மையில் எங்கே பயன்பட்டிருக்கிறது என்று காட்டுவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, வெவ்வேறு துறைகளிலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகளாவது தந்திருக்கிறார்கள். ஆக, நூலாசிரியர்கள் இலக்கியத்தைக் கண்டு இலக்கணம் வகுத்தார்கள். நாமோ ஒரு வரி இலக்கியமும் படிக்காத மாணவரிடம் இலக்கணத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இந்தத் தலைகீழ் வரிசை பாங்குகளுக்கு முன்பே, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதல் பாடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான அறிமுக நூல்கள் விலங்கு என்று ஒரு கிளாஸ் (ஒரே வகைக் கூறுகளுக்கான வார்ப்பு) எழுதி, நாயும் பூனையும் அதன் பண்புகளையும் செயல்களையும் மரபுரிமையாகப் பெற்றவை என்று காட்டி, ஒன்று குரைக்கும், மற்றொன்று மியாவ் என்னும் என்று முடித்துவிடுகின்றன. படிப்பவருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் தீர்க்க வேண்டிய சிக்கலும் இதில் ஒன்றுமில்லை. உலகத்துப் பொருள்களை இனம் பிரித்துக் கிளை கிளையாக வரைவதுதான் பொருள்நோக்கு நிரலாக்கம் என்ற எண்ணம் அந்த முதல் நாளிலேயே பதிந்துவிடுகிறது. அதைப் பின்னால் கழற்றி எடுப்பது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைக் காட்டிலும் கடினமாக இருக்கிறது.

இந்த முறை பிறந்த இடத்தைப் பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது. நார்வேயின் கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் 1960களில் உருவாக்கிய சிமுலா என்ற மொழியிலிருந்தே கிளாஸ், அதன்படி உருவாகும் ஆப்ஜெக்ட், மரபுரிமை ஆகியவை வந்தன. அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. வரிசையில் காத்திருப்பவை, வந்து சேர்பவை, ஒன்றையொன்று தடுப்பவை எனப் பல பகுதிகள் ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புகளைக் கணினியில் போலச்செய்து பார்க்க வேண்டியிருந்தது. தன் நிலையைத் தானே வைத்துக்கொண்டு, தனக்குரிய செயலைத் தானே செய்யும் கூறுகள் தேவைப்பட்டதால்தான் அந்த வடிவம் தோன்றியது. பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியை வளர்த்த ஆலன் கே, பொருள்நோக்கு என்ற பெயரைத் தந்தவர். அவரே 1998இல் எழுதிய ஒரு மடலில், ஆப்ஜெக்ட் என்ற சொல்லைத் தாம் தேர்ந்தெடுத்ததற்காக வருந்துவதாகவும், அது பலரின் கவனத்தைச் சிறிய கருத்தின் மேல் திருப்பிவிட்டதாகவும், உண்மையான பெரிய கருத்து ஆப்ஜெக்டுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளே என்றும் குறிப்பிட்டார். நாய், பூனை எடுத்துக்காட்டில் யாரும் யாருக்கும் எந்தச் செய்தியும் அனுப்புவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மரபுரிமையை இனப்பிரிவாகப் புரிந்துகொள்வதால் வரும் தீங்கு கற்பனையானது அன்று. சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று கணிதம் சொல்கிறது. ஆனால் அகலத்தையும் நீளத்தையும் தனித்தனியே மாற்ற முடிகிற செவ்வகக் கிளாசிலிருந்து சதுரத்தை மரபுரிமையாக எழுதினால், அகலத்தை மட்டும் மாற்றிவிட்டு நீளம் மாறாதிருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அங்கே பொய்த்துப்போகும். ஒரு வகைக்குப் பதிலாக அதன் உட்பிரிவை வைத்தாலும் நிரலின் எதிர்பார்ப்பு குலையக் கூடாது என்ற நெறியைக் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் தம் உரையொன்றில் எடுத்துரைத்தார். நூல்களில் அது வரையறையாக வருகிறது, வரையறையாகவே மறக்கப்படுகிறது.

ஆனால் ஜாவா என்ற நிரல்மொழியின் சொந்த நூலகத்தை, அதாவது அதனுடன் வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பைத் திறந்து காட்டினால் மறக்காது. அதன் முதல் பதிப்பிலிருந்தே உள்ள ஸ்டாக் என்ற கிளாஸ், எந்த இடத்திலும் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற பட்டியலான வெக்டர் என்ற கிளாசின் மரபுரிமையாக எழுதப்பட்டுள்ளது. ஸ்டாக் என்பது அடுக்கு. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும் என்பதே அதன் உயிர். வெக்டரின் செயல்கூறுகள் எல்லாம் அதற்கும் வந்துவிட்டதால், அடுக்கின் நடுவில் ஒன்றைச் செருகவும் நடுவிலிருந்து ஒன்றை உருவவும் யாராலும் முடிகிறது. தவறு என்று தெரிந்த பிறகும், பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் அதை எடுத்துவிட வழியில்லை. அடுக்கு தேவைப்பட்டால் டெக் என்ற இடைமுகத்தை (என்னென்ன செயல்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் வரையறுப்பது) நாடுங்கள் என்று அந்த மொழியின் ஆவணமே அறிவுறுத்துகிறது. மொழியை உருவாக்கிய வல்லுநர்களுக்கே நேர்ந்த இந்தப் பிழையை ஒருமுறை தன் கையால் இயக்கிப் பார்த்த மாணவர், மரபுரிமையைவிட ஆப்ஜெக்டுகளைச் சேர்த்து அமைப்பதையே விரும்புங்கள் என்று நால்வர் நூலின் முதல் அத்தியாயம் சொல்வதை, யாரும் விளக்காமலே புரிந்துகொள்கிறார்.

இனி அந்த நூலுக்கே வருகிறேன். கட்டுரையாளர் அதைப் பழையது, வறண்டது என்கிறார். வறட்சி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுகள் சி பிளஸ் பிளஸ் மொழியிலும் ஸ்மால்டாக்கிலும் உள்ளன. இன்றைய மாணவர்களில் பலருக்கு இரண்டும் பழக்கமில்லை. ஆனால் அந்த நூல் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் சந்தித்தவர்களில் மிகப் பலர், பாங்குகளின் பட்டியல் தொடங்கும் மூன்றாம் அத்தியாயத்துக்கு நேராகச் சென்று, பெயரையும் நோக்கத்தையும் படித்து, கட்டங்களும் அம்புகளும் கொண்ட அமைப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பாங்குக்குத் தாவியவர்கள். அவர்கள் தாண்டிச் சென்ற இரண்டாம் அத்தியாயம், ஆவணங்களைத் தொகுக்கும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை வடிவமைக்கையில் எழும் 7 சிக்கல்களை ஒவ்வொன்றாக முன்வைத்து, அவற்றின் வழியாக 8 பாங்குகளுக்கு வந்து சேர்கிறது. சிக்கல் முன்னே, பெயர் பின்னே. நூலாசிரியர்கள் சரியான வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள்.

தாண்டப்படும் இன்னொரு பகுதி விளைவுகள் பற்றியது. ஒவ்வொரு பாங்கும் எதைத் தருகிறது என்பதோடு எதை விலையாகக் கேட்கிறது என்றும் அங்கே எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆப்ஜெக்டை இன்னொன்றால் போர்த்திப் புதுச் செயலைச் சேர்க்கும் டெக்கரேட்டரைப் பயன்படுத்தினால் ஒன்றுபோலவே தோன்றும் சிறு சிறு ஆப்ஜெக்டுகள் பெருகி, பிழை தேடுவது கடினமாகும். ஓர் ஆப்ஜெக்டின் மாற்றத்தை மற்றவற்றுக்கு அறிவிக்கும் அப்சர்வரைப் பயன்படுத்தினால் ஓரிடத்தில் செய்த சிறு மாற்றம் எதிர்பாராத இடங்களில் எல்லாம் அலையாகப் பரவக்கூடும். தனிக் கூறுகளையும் அவற்றின் தொகுப்புகளையும் ஒரே விதமாகக் கையாளும் காம்போசிட், உங்கள் வடிவமைப்பை வேண்டிய அளவுக்கு மேல் பொதுமையாக்கிவிடலாம். குறுங்காணொளிகளில் நான் தேடியும் மீண்டும் மீண்டும் காணாதது இந்தப் பகுதியைத்தான். அமைப்புப் படத்தை 5 நிமிடத்தில் காட்டிவிட முடியும். விலையைச் சொல்வதற்கு ஒரு சூழலை விரித்துவைக்க வேண்டியிருக்கிறது, அதற்கு நூலின் நீளம் தேவைப்படுகிறது.

என் சொந்தப் பிழையையும் இங்கே பதிவு செய்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், 23 பாங்குகளையும் ஒப்பிக்கத் தெரிந்தவனாக, ஒரு மென்பொருளின் அமைப்பு விவரங்கள், தரவுத்தள இணைப்பு, நிகழ்வுப் பதிவு ஆகிய மூன்றையும் சிங்கிள்டன் பாங்கில் எழுதினேன். ஒரே ஒரு ஆப்ஜெக்ட், எங்கிருந்து வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கலாம். சில மாதங்கள் கழித்துச் சோதனை நிரல்கள் எழுதத் தொடங்கியபோது, தனித்தனியே ஓட்டினால் எல்லாச் சோதனைகளும் வென்றன. சேர்த்து ஓட்டினால் சில தோற்றன. வரிசையை மாற்றினால் வேறு சில தோற்றன. ஒரு சோதனை மாற்றி வைத்த விவரம், அந்த ஒரே ஆப்ஜெக்டில் தங்கி, அடுத்த சோதனையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. சரிசெய்ய இரண்டு வாரங்கள் ஆயின, ஏனென்றால் எங்கிருந்து வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கலாம் என்பதால் எல்லோரும் எல்லா இடத்திலிருந்தும் பிடித்திருந்தார்கள்.

நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். சிங்கிள்டனை எப்போது பயன்படுத்தலாம் என்ற பகுதியில், அந்தக் கிளாசுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட் மட்டுமே இருந்தாக வேண்டும் என்ற நிலையில் என்று எழுதியிருந்தது. எனக்கு இருந்ததோ, ஒன்று போதும் என்ற நிலை. ஒன்று போதும் என்பதற்கும் ஒன்றே இருந்தாக வேண்டும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நான் முதல் வாசிப்பில் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது, ஏனெனில் அதுவரை எனக்கு வலித்திருக்கவில்லை. எரிக் காமாவே 2009இல் அளித்த நேர்காணல் ஒன்றில், நூலிலிருந்து நீக்கத் தக்கது என்று தாம் கருதுவது சிங்கிள்டனை என்றார். அதைவிட முக்கியமாக, அனுபவம் குறைந்த வாசகர்கள் எவற்றிலிருந்து தொடங்கலாம் என்று நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர்கள் 8 பாங்குகளைப் பரிந்துரைக்கிறார்கள்: அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி, அடாப்டர், காம்போசிட், டெக்கரேட்டர், ஃபேக்டரி மெத்தட், அப்சர்வர், ஸ்ட்ராட்டஜி, டெம்ப்ளேட் மெத்தட். சிங்கிள்டன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் குறுகியது, எளிதில் எழுதிக்காட்டலாம் என்பதால், இன்று பெரும்பாலானோர் முதலில் கற்பது அதைத்தான்.

நூல் பழையதாகிவிட்டது என்ற வாதத்துக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996இலேயே, லிஸ்ப், டிலான் போன்ற மொழிகளில் அந்த 23 பாங்குகளில் 16 மிக எளிமையாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகின்றன என்று எடுத்துக்காட்டினார். ஒரு தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் இன்று பல மொழிகளின் சுழற்சிக் கட்டளைக்குள்ளேயே கரைந்துவிட்டது. 2014இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பில் பெயரில்லாத சிறு செயல்கூறான லாம்டா வந்த பிறகு, ஒரு வேலையைச் செய்யும் முறையை மாற்றிக்கொள்ள உதவும் ஸ்ட்ராட்டஜிக்காக முன்பு தனித்தனிக் கிளாஸ்கள் எழுதிய இடத்தில் ஒற்றை வரி போதுமானதாயிற்று. அப்சர்வருக்கென்று ஜாவா நூலகத்தில் இருந்த அப்சர்வபிள் கிளாஸ், 2017இல் ஒன்பதாம் பதிப்பில் கைவிடத் தக்கது என்று குறியிடப்பட்டது. இவையெல்லாம் உண்மை. ஆனால் கரைந்துபோனவை தீர்வின் வடிவங்கள். வரிசைப்படுத்தும் முறையை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற தேவை லாம்டா வந்ததால் மறையவில்லை. அந்தத் தேவையை அடையாளம் காணத் தெரியாதவர், லாம்டாவை எங்கே வைப்பது என்றும் அறியமாட்டார்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? நான் கற்பிக்கும்போது, பாங்கின் பெயரை உச்சரிக்காமல் ஒரு சிறு வேலையைக் கொடுக்கிறேன். பயனருக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதுங்கள் என்பேன். எழுதுவார்கள். மறுநாள், குறுஞ்செய்தியிலும் அனுப்ப வேண்டும். ஒரு நிபந்தனைக் கிளையைச் சேர்ப்பார்கள். அதற்கடுத்த நாள், செயலி வழியாகவும். இன்னொரு கிளை. பிறகு, அனுப்பியதற்கான கட்டணத்தை வழிக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும், தோல்வியடைந்தால் வழிக்கு ஏற்ப மறுமுயற்சி செய்ய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போவேன். இப்போது அதே மூன்று கிளைகள் நிரலில் மூன்று இடங்களில் இருக்கும். நான்காவது வழி ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், இரண்டு இடங்களில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் ஸ்ட்ராட்டஜி பற்றிய பக்கங்களைத் திறக்கச் சொல்வேன். ஒவ்வொரு வழியும் தனக்குரிய அனுப்பும் முறை, கட்டணம், மறுமுயற்சி மூன்றையும் தானே அறிந்த தனி ஆப்ஜெக்டாகி, மற்ற நிரல் முழுவதும் ஒரே இடைமுகத்தோடு மட்டும் பேசுவதை அவர்கள் அங்கே காணும்போது, அதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வதில்லை. "இதைத்தானே தேடிக்கொண்டிருந்தோம்" என்கிறார்கள்.

இந்த வழியை நான் உருவாக்கவில்லை. மார்ட்டின் ஃபவுலர் 1999இல் வெளியிட்ட 'ரீஃபேக்டரிங்' (நிரலின் செயலை மாற்றாமல் அதன் அமைப்பைத் திருத்துவது) என்ற நூலின் முதல் அத்தியாயத்திலிருந்து கற்றுக்கொண்டேன். திரைப்படக் காணொளிகளை வாடகைக்கு விடும் கடைக்கு ரசீது தயாரிக்கும் சிறு நிரலில் அது தொடங்குகிறது. நிரல் சரியாக ஓடுகிறது, ஆனால் மாற்ற முனைந்தால் இடறுகிறது. அடி அடியாக, ஒவ்வோர் அடிக்கும் சோதனையை ஓட்டி, நிரல் திருத்தப்படுகிறது. அத்தியாயத்தின் முடிவில் நிலைக்கேற்ப ஆப்ஜெக்டின் செயலை மாற்றும் ஸ்டேட் என்ற பாங்கு வந்து சேரும்போது, அது திணிக்கப்பட்டதாகத் தோன்றுவதில்லை. நால்வர் நூலை வாங்குகிறவர் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதன் இரண்டாம் பதிப்பு 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகளோடு வந்திருப்பதால், மொழி குறித்த தயக்கமும் குறையும்.

இன்னொன்றும் உண்டு. நூலில் படித்த பாங்கை, தான் அன்றாடம் பயன்படுத்தும் நூலகத்தின் மூல நிரலில் தேட வேண்டும். ஜாவாவில் ஒரு கோப்பைப் படிக்கும் ஆப்ஜெக்டை எடுத்து, இடையகச் சேமிப்பு தரும் ஆப்ஜெக்டுக்குள் வைத்து, அதைச் சுருக்கம் அவிழ்க்கும் இன்னொன்றுக்குள் வைக்கிறோமே, அது டெக்கரேட்டர்தான். பல ஆண்டுகளாக அதை எழுதியவர்கள், பெயர் தெரியாமலே எழுதியிருக்கிறார்கள். அதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் எனக்குத் தந்ததில்லை.

தமிழில் எழுதப்படும் தொழில்நுட்ப நூல்கள் குறித்தும் ஒரு சொல். கிளாஸ் என்பதை வகுப்பு என்றும் ஆப்ஜெக்ட் என்பதைப் பொருள் என்றும் மொழிபெயர்ப்பது குறித்து நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. பொருள் என்ற சொல்லுக்கு நம் மொழியில் அர்த்தம் என்ற பொருளும் இருப்பதால் சில வாக்கியங்கள் தடுமாறுகின்றன என்பது மெய்யே. இந்த மடலில் நான் ஒலிபெயர்ப்பையே கையாண்டதும் அதனால்தான். ஆனால் கலைச்சொல்லை முடிவு செய்வதில் செலவிடும் உழைப்பில் பாதியையாவது எடுத்துக்காட்டைத் தேர்வதில் செலவிட்டிருந்தால், நம் மாணவர்கள் இன்னும் தெளிவாகக் கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொல் சற்றுப் பொருந்தாவிட்டாலும் நல்ல சிக்கல் ஒன்று விளக்கிவிடும். சிக்கலே இல்லாத இடத்தில் எவ்வளவு செம்மையான சொல்லும் வெறும் வரையறையாக நின்றுவிடும்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வடிவமைப்புப் பாங்குகளைத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் தொடராக வெளியிடும் எண்ணம் இருந்தால், வாரம் ஒரு பாங்கு என்று 23 வாரங்களுக்கு வரையறைகளைத் தர வேண்டாம். ஒரே ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அது எளிமையாக ஓடட்டும். அடுத்தடுத்த வாரங்களில் புதிய தேவைகள் வந்து அது சிக்கலாகட்டும். வாசகர்களே திருத்தி அனுப்பிய நிரல்களில் இரண்டை, ஒன்று தேறியது, ஒன்று தேறாதது எனக் காரணத்தோடு வெளியிடுங்கள். பாங்கின் பெயரும், எந்த நூலில் எந்த அத்தியாயத்தில் அதைப் படிக்கலாம் என்ற குறிப்பும் கடைசி வாரத்தில் வரட்டும். அத்தகைய தொடருக்கு வேண்டிய நிரல்களை எழுதித் தரவும், வாசகர்கள் அனுப்புவதைப் படித்துக் குறிப்பு எழுதவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரு மென்பொருள் பொறியாளர்